பானெட்டில் வட்டங்கள்

எனக்கு யாரையும் சட்டென்று நம்ப வராது. கடைக்காரர் தராசைத் தூக்கினால் என் கண் முள்ளில் இருக்கும். மருந்துக் கடையில் வாங்கிய மாத்திரையின் அட்டையைத் திருப்பித் திருப்பிப் படித்த பிறகுதான் வாயில் போடுவேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் சிரித்துப் பேசினால் பையை மடிக்கு மாற்றிக்கொள்வேன். "மலை மேல ஒரு சாமி, நம்ம ஊட்ல ஒரு சந்தேக சாமி" என்பாள் என் மனைவி. நான் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டேன். ஏமாறாத மனுஷன் என்று திருத்தணியில் பேர் எடுப்பது சாதாரண விஷயமா? அந்தப் பெருமை ஒரு கறுப்புக் காரிடமும் ஆறு துணிகளிடமும் மாட்டிக்கொண்டு பட்ட பாட்டைத்தான் சொல்ல வருகிறேன்.

தொண்ணூறுகளில் எங்கள் பக்கம் கார் துடைப்பதை யாரும் ஒரு வேலையாகவே நினைக்கவில்லை. கார் என்றால் அம்பாசிடர், நிறம் என்றால் வெள்ளை. என் அக்காவின் கணவர் அப்போது பொதட்டூர்பேட்டையில் ஒரு ஜவுளிக்காரருக்கு அம்பாசிடர் ஓட்டிக்கொண்டிருந்தார். அக்கா புருஷனை நாங்கள் பாவா என்போம். பாவா காலையில் ஒரு வாளித் தண்ணீரை மேலே வீசுவார், கையில் கிடைத்த பழைய பனியனால் ஒரு இழுப்பு இழுப்பார், வண்டி தயார். வெள்ளைக் கார் யாரையும் காட்டிக்கொடுக்காது. கீறலோ காக்கை எச்சத்தின் கறையோ, நாலடி தள்ளி நின்றால் ஒன்றும் தெரியாது.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் கழித்து நான் ஒரு கார் வாங்கினேன், ஒருவர் ஓட்டிய பழைய வண்டி. எனக்கு அப்போது லுங்கி ஏஜெண்ட் வேலை. பொதட்டூர்பேட்டையிலும் பள்ளிப்பட்டிலும் தறி வீடுகளில் சரக்கெடுத்து வெளியூர்க் கடைகளுக்கு அனுப்புவேன். முகூர்த்த நாட்களில் மலை மேல் தாலி கட்ட வருகிறவர்கள் பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஏற்றிப் போக நல்ல கார் கிடைக்காமல் தவிப்பதைப் பார்த்துத்தான் வாங்கினேன். கறுப்பு நிறம், நீளமான பானெட். அதன் மேல் சிவப்பு ரோஜா வைத்தால் எடுப்பாக இருக்கும் என்று அலங்காரம் செய்கிறவரே சொன்னார்.

ஓட்டுவதற்கு பாவாவைக் கூப்பிட்டேன். ஜவுளிக்காரர் அம்பாசிடரை விற்றுவிட்டதால், பாவா தன் வீட்டிலிருந்த ஒரே பவர்லூமோடு கரண்டுக்குக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டதும் வந்தார். காலை முதல் பஸ்ஸில் இறங்குவார், சாயங்காலம் வண்டியை என் வீட்டு வாசலில் விட்டுவிட்டு ஊருக்குத் திரும்புவார். அக்காவுக்கு அதில் அவ்வளவு சந்தோஷம். தம்பியும் புருஷனும் ஒரே வண்டியால் பிழைக்கிறார்கள் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். கார் கெட்டால் ஒரு பானெட்டோடு போகும், பாவாவோடு பேச்சு அறுந்தால் அக்கா வீட்டு வாசலே எனக்கு இல்லாமல் போகும் என்பது எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்தும் நடந்துகொண்டதுதான் என் லட்சணம்.

கறுப்புக் காரை வைத்துக்கொள்வது லேசல்ல. புது வண்டியோ கல்யாண வண்டியோ, மலைக்குப் போனால் பூஜை உண்டு. பானெட்டில் மூன்று விரலால் விபூதிப் பட்டை இழுப்பார்கள். நடுவில் சந்தனம், அதன் மேல் குங்குமம். சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம். ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் இதே கதை. விபூதி பார்க்க மாவாகத்தான் இருக்கும், விரலில் வைத்து உரசிப் பாருங்கள், நெருநெருவென்று இருக்கும். காய்ந்த விபூதியை உலர்ந்த துணியால் துடைத்தவன் அந்தக் காரைக் கொன்றவன். முதலில் தண்ணீர் ஊற்றி ஊறவிட வேண்டும். நிழலில் நிறுத்தி, மேலிருந்து கீழே வர வேண்டும். இரண்டு வாளி வேண்டும், ஒன்றில் சோப்புத் தண்ணீர், ஒன்றில் துணியை அலச நல்ல தண்ணீர். இவ்வளவையும் நான் பாவாவுக்கு வகுப்பெடுத்தேன். பதினைந்து வருஷம் கார் ஓட்டியவர், "ஆங், ஆங்" என்று கேட்டுக்கொண்டார்.

துணிகள் வந்தது ஒரு மாப்பிள்ளையால். பெங்களூரில் வேலை பார்க்கிறவர், தாலி கட்டிவிட்டு இறங்கியதும் மாலையோடு என் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். பொண்ணு பக்கத்தில் நிற்க, அவர் பானெட்டைத் தடவிக்கொண்டிருந்தார். "இவ்ளோ நல்ல கறுப்பு, பனியன் துணியால துடைக்காதீங்க சார்" என்றவர், அடுத்த வாரமே ஆறு மைக்ரோஃபைபர் துணிகளை ஒரு பொட்டலமாக அனுப்பிவைத்தார். எதற்கு அனுப்பினார் என்று இரண்டு நாள் யோசித்தேன். சும்மா யாராவது எதையாவது தருவார்களா? கடைசியில் அவருக்கு வண்டிப் பைத்தியம் என்று முடிவு செய்து பொட்டலத்தைப் பிரித்தேன்.

துணி பூனைக்குட்டி மாதிரி மெத்தென்று இருந்தது. தறிக்காரன் பிள்ளைக்கு அது போதாது. ஓரத்தில் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பார்த்தேன். பருத்தியானால் சாம்பலாகும். இது சுருண்டு கடுகு போல உருண்டு நின்றது. முழுக்க பாலியெஸ்டர்! பாலியெஸ்டர் எப்படி இவ்வளவு மெத்தென்று இருக்கும், எப்படித் தண்ணீர் குடிக்கும் என்று எனக்கு அப்போதே ஒரு சந்தேகம் விழுந்தது. கூட வந்த அட்டையை எழுத்து விடாமல் படித்தேன். பருத்தித் துணியோடு சேர்த்துத் துவைக்காதே, பஞ்சு ஒட்டிக்கொள்ளும். வெந்நீர் வேண்டாம், ப்ளீச் வேண்டாம், இஸ்திரி வேண்டாம். துணி மணக்கப் போடும் தண்ணீர் அறவே கூடாது, இழையை அடைத்துவிடும். கீழே விழுந்த துணி திரும்ப காரைத் தொடக்கூடாது. நாலாக மடித்தால் எட்டு முகம் கிடைக்கும், ஒரு முகம் அழுக்கானதும் அடுத்ததைத் திருப்பு.

இந்தச் சட்டங்களை யாரிடம் ஒப்படைப்பது? மனைவியிடம் கொடுத்தால் பாவாடையோடு ஊறப்போடுவாள். பாவாவிடம் கொடுத்தால் பனியன் பழக்கம் போகாது. அதனால் துவைக்கும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். நாலு துணி வண்டியில், பாவா உபயோகத்துக்கு. இரண்டு வீட்டில், என் கைக்கு மட்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆறையும் சேகரித்துக்கொண்டு மாடிக்குப் போவேன். தனி வாளி, மிதமான சோப்பு, கசக்காமல் அமுக்கி அமுக்கி எடுப்பேன், மூன்று தண்ணீரில் அலசுவேன், அன்றைக்கு வடித்த கஞ்சியை வடிகட்டி நீர்க்கக் கரைத்து ஒரு முக்கு முக்கி, உதறி, கொடியில் வரிசையாகப் போடுவேன். காய்ந்த பிறகு மடித்து அடுக்கினால் ஆறும் புதுப் புத்தகம் மாதிரி விறைப்பாக நிற்கும். அந்த அழகைப் பார்த்து எனக்கே என் மேல் மதிப்பு கூடும்.

தினமும் சாயங்காலம் பாவா வண்டியை விட்டுப் போனதும், என் கைத் துணியால் பானெட்டை ஒரு முறை நானே துடைத்து, மேலே உறை போட்டு மூடுவேன். அடுத்தவர் துடைத்ததை அப்படியே விட்டுவிட மனசு வராது.

துணிகள் வந்த இரண்டாம் மாதம் மலை மேல் ஒரு காலை வெயிலில் பார்த்தேன். பானெட்டில் மெல்லிய வட்டங்கள். அதில் தெரிந்த சூரியனைச் சுற்றி வளையம் வளையமாக, நகத்தால் யாரோ விளையாடியது போல. நிழலில் தெரியவில்லை, வெயிலுக்கு வந்ததும் முகத்தில் அடித்தது.

சந்தேகப்பட எனக்குச் சொல்லியா தர வேண்டும்? முதலில் விபூதிப் பட்டை இழுக்கிற குருக்கள். அவர் விரலில் மோதிரம் இருந்தது. அவரிடம் போய், "சாமி, எங்க வண்டிக்கு மட்டும் கண்ணாடியில வெச்சிடுங்க" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு கண்ணாடியிலேயே வைத்தார். வட்டங்கள் நிற்கவில்லை. அடுத்தது பூ அலங்காரக்காரர், ரோஜாவைக் கம்பியில் கட்டுகிறார். அவரையும் மாற்றினேன். பெங்களூர் மாப்பிள்ளை மட்டமான சரக்கைத் தலையில் கட்டிவிட்டாரோ என்று ஒரு வாரம் யோசித்தேன். துணிகள் நாளாக நாளாகத் தண்ணீரே குடிக்கவில்லை. தண்ணீரைத் தள்ளிக்கொண்டே போயின. பாலியெஸ்டர் புத்தியைக் காட்டிவிட்டது என்று சொல்லிக்கொண்டேன். எதிர்வீட்டுப் பூனைமீதும் ஒரு கண் வைத்தேன். எல்லோரையும் கழித்துக்கொண்டு வந்தால், பகல் முழுக்க வண்டி யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டும்தான் மிச்சம்.

பாவாவிடம் கேட்டேன். "பானெட்ல வட்டம் வட்டமா தெரியுதே, பாத்தீங்களா?"

"பாத்தேன் மச்சான்."

"எப்டி வந்திருக்கும்?"

அவர் காரைப் பார்த்தார், என் கையிலிருந்த துணியைப் பார்த்தார், "தெர்லியே" என்று தலையைச் சொறிந்தார். கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் வராவிட்டால் எனக்குப் போதும். அன்றிலிருந்து பாவாவை வேவு பார்க்க ஆரம்பித்தேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது. வண்டியிலிருந்த நாலு துணிகளையும் ஒரு மூலை உள்ளே மடங்கும்படி அடையாளம் வைத்து மடித்தேன். டிக்கி இடுக்கில் என் தலைமுடி ஒன்றை எச்சில் தொட்டு ஒட்டிவைத்தேன். சாயங்காலம் பார்த்தால் முடி காணோம், டிக்கியைத் திறந்திருக்கிறார். ஆனால் துணிகள் நாலும் வைத்தது வைத்தபடி, மூலை மடங்கியபடியே இருந்தன. ஈரமே படவில்லை. வண்டியோ துடைத்த வண்டி! அப்படியானால் எதால் துடைத்தார்?

விடை ஒரு முகூர்த்தக் காலையில் கிடைத்தது. மலையடிவாரத்தில் வண்டிகள் நிற்கும் இடத்தில் அலங்காரத்துக்காகக் காரை நிறுத்தியிருந்தோம். பாவா டீ வாங்கப் போயிருந்த நேரத்தில் டிக்கியைத் திறந்து, ஸ்டெப்னி டயரைத் தூக்கிப் பார்த்தேன். அடியில், நாலாக மடித்த ஒரு பழைய லுங்கி. வெளுத்து, கட்டமே அழிந்துபோன லுங்கி. ஈரமாக இருந்தது.

பாவா இரண்டு டம்ளரோடு வந்தார். லுங்கியை அவர் முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன்.

"இது இன்னா பாவா?"

"லுங்கி."

"அது தெரியுது. இத்த எதுக்கு ஒளிச்சி வெச்சிகினு கீறீங்க?"

"ஒளிக்கல மச்சான். தொடைக்கத்தான்."

"நாலு துணி குடுத்து, அதுல மட்டும்தான் தொடைக்கணும்னு சொன்னனா இல்லியா?"

"சொன்ன."

"அப்போ இத்தினி நாளா கோடு போட்டுகினு இருந்தது நீங்கதான். அதான் டயருக்கு அடியில சொருகி வெச்சிருக்கீங்க."

சுற்றியிருந்த டிரைவர்கள் எங்கள் பக்கம் திரும்பினார்கள். நான் அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. "ஒங்க காரா இருந்தா இப்டி செய்வீங்களா?" என்றேன்.

அவர் டம்ளர்களைப் பக்கத்துத் திண்டில் வைத்தார். என் கையிலிருந்து லுங்கியை வாங்கி உதறித் தோளில் போட்டுக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தார். பானெட் அவர் கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. அதைச் சுற்றிக்கொண்டு நான் நின்ற பக்கம் வந்து, சாவியை என் உள்ளங்கையில் வைத்தார்.

"முகூர்த்தத்துக்கு நேரமாவுது. பூ வெக்கிறவரு டேப்பு ஒட்டப் போறாரு, வாணான்னு சொல்லு. பெயிண்ட் வந்துடும்" என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தார். அன்றைக்கு நானே வண்டியை மலைக்கு ஓட்டினேன். கள்ளனைக் கையும் களவுமாகப் பிடித்த திருப்தி மதியம் வரைக்கும் இருந்தது.

அக்கா ஒன்றும் கேட்கவில்லை. போனில் கூட வரவில்லை. பொங்கல் வந்தது, வழக்கம்போல சீர் வரிசையை எடுத்துக்கொண்டு போனேன். கரும்பையும் புடவையையும் வாங்கி உள்ளே வைத்தாள். உட்காரச் சொல்லவில்லை. உள்ளே தறி ஓடிக்கொண்டிருந்தது, பாவா வெளியே வரவில்லை. வாசலில் நின்றபடி கொஞ்ச நேரம் ஊர்க் கதை பேசிவிட்டு வந்துவிட்டேன். வழியெல்லாம், தப்பு செய்தவருக்கு இவ்வளவு ரோஷமா என்று எனக்குள்ளேயே கறுவிக்கொண்டு வந்தேன்.

வட்டங்கள் மட்டும் நிற்கவில்லை. புதிதாக ஒரு டிரைவர் வைத்தேன், மூன்றாம் வாரம் அவரையும் சந்தேகப்பட்டு அனுப்பினேன். பிறகு நானே ஓட்டினேன், நானே கழுவினேன், நானே துடைத்தேன். என் துணியைத் தவிர வேறெதுவும் காரைத் தொட விடவில்லை. முன்பு பானெட்டில் மட்டும் இருந்த வட்டங்கள் கதவுக்கும் கூரைக்கும் ஏறின. ஒரு பெண் வீட்டார் வெயிலில் காரைப் பார்த்துவிட்டு, "வேற வண்டி இல்லீங்களா?" என்றார்கள். பாவா மாற்றுச் சாவி செய்து வைத்துக்கொண்டு வந்து கீறிவிட்டுப் போகிறாரோ என்று கூட எண்ணி, பூட்டை மாற்றினேன். மனைவி அன்றைக்கு என்னோடு பேசவில்லை.

கடைசியில் அரக்கோணத்தில் கார் பாலிஷ் போடுகிற ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் விளக்கை அடித்துப் பார்த்தார். "எதால தொடைக்கிறீங்க?" என்றார். பெருமையாக அடுக்கை நீட்டினேன். மைக்ரோஃபைபர், அட்டையில் போட்டிருக்கிறபடியே துவைக்கிறேன் என்றேன். அவர் ஒன்றை எடுத்துப் புறங்கையில் தேய்த்தார். மூக்குக்குக் கொண்டுபோனார்.

"இன்னா சார், சோத்து வாசனை அடிக்குது?"

"கஞ்சி போடறேன்" என்றேன். வேட்டிக்குப் போடுகிறோம், புடவைக்குப் போடுகிறோம், கஞ்சி போடாத துணி துவைத்த கணக்கிலேயே வராது என்ற வீட்டில் வளர்ந்தவன். சொல்வதற்கு என்ன இருக்கிறது?

அவர் சிரிக்கவில்லை. ஒரு பிளாஸ்டிக் மக்கில் தண்ணீர் பிடித்துத் துணியை முக்கிப் பிழிந்தார். தண்ணீர் பால் கலந்தது போல வெளுத்தது. "இதோட ஒவ்வொரு இழையும் முடியவிட மெல்லிசு சார். அதுதான் தூசியை உள்ள இழுத்து வெச்சிக்கும். நீங்க எல்லாத்தையும் ஒட்டிக் கெட்டியாக்கிட்டீங்க. இது துணியில்ல, உப்புத்தாள். நீங்க துடைக்கல, தேச்சிகினு இருந்திருக்கீங்க."

அட்டை என் பையிலேயே இருந்தது. எடுத்துத் திரும்பப் படித்தேன். ப்ளீச் வேண்டாம், இஸ்திரி வேண்டாம், மணத் தண்ணீர் வேண்டாம். கஞ்சி வேண்டாம் என்று எங்கேயும் இல்லை. எழுதினவருக்கு இப்படி ஒருத்தன் இருப்பான் என்று தெரிந்திருக்காது.

அந்தப் பட்டறையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தேன். சாயங்காலம் தினமும் துடைத்தது யார்? நான். மாடியில் ஆறையும் கஞ்சியில் முக்கியது யார்? நான். யாரையும் நம்பாமல் எல்லாவற்றையும் என் கையாலேயே செய்தேன், அதனால்தான் எல்லாக் கோடும் என் கையால் விழுந்தது. பாவாவின் லுங்கி ஞாபகத்துக்கு வந்தது. நூறு தரம் துவைத்து நைந்த லுங்கி, அதில் கீற என்ன இருக்கிறது? அப்புறம் சாவி ஞாபகத்துக்கு வந்தது. அவ்வளவு பேர் நடுவில் அவமானப்பட்டு நின்ற மனுஷன், பானெட்டில் சாவியை வைத்தால் கீறல் விழும் என்று சுற்றி வந்து என் கையில் வைத்தார். எனக்கு அழுகை வந்தது. பாலிஷ்காரர் காருக்காக அழுகிறேன் என்று நினைத்து, "மேலாக்கதான் சார், தேச்சா போயிடும்" என்றார்.

அங்கிருந்து நேராக பொதட்டூர்பேட்டைக்குப் போனேன். பாவா தறியில் இருந்தார். என்னைப் பார்த்ததும் நிறுத்தினார். அக்கா கதவருகில் வந்து நின்றாள். கஞ்சி, பாலிஷ்காரர், வெளுத்த தண்ணீர், எல்லாவற்றையும் சொன்னேன். தப்பு என் மேல்தான், மன்னிச்சிடுங்க என்றேன். வாழ்க்கையில் நான் அந்த வார்த்தையைச் சொன்ன தடவைகள் ஒரு கை விரலுக்குள் அடங்கும்.

பாவா துண்டால் கையைத் துடைத்துக்கொண்டார்.

"ஆங். தெரியும்."

"இன்னாது?"

"கஞ்சி. மொதோ வாரமே தெரியும். துணிய கையில எடுத்ததும் தெரிஞ்சிது. தெனம் கஞ்சி போட்ட நூலையே தொட்டுகினு கீற கை இது."

"அப்போ ஏன் பாவா சொல்லல? நான் நேருக்கு நேரா கேட்டனே!"

"நீ துவைச்ச துணியாலதான் கோடு வுழுதுன்னு நான் சொல்லியிருந்தா, நீ இன்னா நெனச்சிருப்ப மச்சான்?"

என்ன நினைத்திருப்பேன் என்று எனக்குத் தெரியும். தன் தப்பை மறைக்க என் துணி மேல் பழி போடுகிறார் என்று நினைத்திருப்பேன். துணிகளை எண்ணியிருப்பேன், இன்னொரு முடியை ஒட்டியிருப்பேன். அதனால்தான் ஒன்றும் பேசாமல் வீட்டிலிருந்து ஒரு லுங்கி கொண்டுவந்து, என் காரை என்னிடமிருந்து முடிந்தவரை காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

அது புரிந்தபோதே, உள்ளே ஓர் ஓரத்தில் பழைய சந்தேகம் எட்டிப் பார்த்தது. நிஜமாகவே முதல் வாரமே தெரியுமா? இல்லை, நான் சொன்னதைக் கேட்டுவிட்டு இப்போது சொல்கிறாரா? அடக்கிக்கொண்டேன். ஆனால் முகத்தில் எங்கேயோ வந்திருக்க வேண்டும். பாவா என் முகத்தைப் பார்த்தார், கொஞ்சம் சிரித்தார், அக்கா பக்கம் திரும்பினார்.

"பாத்தியா?" என்றார்.

அக்கா உள்ளே போய் எனக்குக் காப்பி கொண்டுவந்தாள். உட்காரச் சொன்னாள். அதற்குப் பிறகு பண்டிகைகளுக்கு இரண்டு பேரும் எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள், சாப்பிடுகிறார்கள், சிரித்துப் பேசுகிறார்கள். வண்டியில் கொண்டுபோய் விடுகிறேன் என்று ஒவ்வொரு தடவையும் சொல்வேன். "பஸ் இருக்குதே மச்சான்" என்று பாவா செருப்பை மாட்டிக்கொள்வார்.